கேமராவை எங்கே பொருத்துவது? இருசக்கர வாகனப் பயணப் பதிவின் வரலாறு

மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பதிவுசெய்ய எந்தக் கேமராவை வாங்கலாம் என்ற கேள்விக்குச் சந்தை தரும் விடை பெரும்பாலும் எண்களாலானது. எத்தனை பிக்சல், நொடிக்கு எத்தனை ஃபிரேம், மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பவையே ஒப்பீட்டின் அளவுகோல்கள். இப்பதிவு முறையின் நூற்றாண்டு கடந்த வரலாறு வேறொரு கேள்வியை முதன்மைப்படுத்துகிறது. கேமரா எங்கே பொருத்தப்படுகிறது? வண்டியின் உடலிலா, ஓட்டுநரின் உடலிலா? உடலில் என்றால் தலையிலா, மார்பிலா? பொருத்தும் இடம் மாறும்போது காட்சியின் கோணம் மட்டும் மாறுவதில்லை. அக்காட்சி யாருடைய கூற்று, யாருக்காக எடுக்கப்பட்டது, பின்னாளில் எதற்குச் சான்றாகும் என்பவையும் மாறிவிடுகின்றன.

இவ்வரலாற்றின் தொடக்கம் இரயிலில் இருக்கிறது. 1897ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரயில் எஞ்சினின் முகப்பில் கேமராவை வைத்து எடுக்கப்பட்ட குறும்படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இவை 'ஆவிப் பயணம்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டன. எஞ்சினும் ஓட்டுநரும் சட்டகத்துக்குள் வராததால், பார்வையாளரை ஏதோ அரூப ஆற்றல் இழுத்துச் செல்வதுபோன்ற மயக்கம் ஏற்பட்டது. 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அறிமுகமான 'ஹேல்ஸ் டூர்ஸ்' இம்மயக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றது. இரயில் பெட்டிபோல் அமைந்த அரங்கில் அமர்ந்தவாறே மக்கள் பயணக் காட்சிகளைக் கண்டனர். தொடக்ககாலத் திரைப்படத்தைக் 'கவர்ச்சிகளின் சினிமா' என்று வகைப்படுத்திய டாம் கன்னிங் போன்ற ஆய்வாளர்களுக்கு இப்படங்கள் முக்கியமான தரவுகள். கதையின்றி, இயக்கமே காட்சிப்பொருளாகும் நிலையை அவை எடுத்துக்காட்டின. பயணம் இருந்தது. பயணி இல்லை. பிற்காலப் பயணப் பதிவுகள் அனைத்தும், விடுபட்ட அந்தப் பயணியைச் சட்டகத்துக்குள் எவ்வாறு கொண்டுவருவது என்ற சிக்கலைத் தத்தம் வழியில் எதிர்கொண்டவையே.

மோட்டார் வாகனத்தில் கேமராவை ஏற்றுவதற்குப் பெருந்தடையாக இருந்தது அதன் எடை. ஜான் ஃபிராங்கன்ஹெய்மர் இயக்கிய 'கிராண்ட் பிரீ' திரைப்படத்துக்காக 1966இல் பந்தயக் கார்களின் மீதே பெரிய 65 மில்லிமீட்டர் படச்சுருள் கேமராக்கள் பொருத்தப்பட்டன. கார் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் தம் தலைக்கவசத்தின் பக்கவாட்டில் நிக்கான் நிழற்படக் கேமரா ஒன்றை ஒட்டிக்கொண்டு காட்சியளிக்கும் புகழ்பெற்ற படமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. இயந்திரத்தின் மேல், மனிதத் தலையின் மேல் என்ற இரு வழிகளும் ஒரே காலத்தில் சோதிக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

காருக்குப் பொருந்திய தீர்வு மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை. கார் நான்கு சக்கரங்களில் நிற்பது. மோட்டார் சைக்கிள் வளைவுதோறும் சாய்ந்தே திரும்புவது. அதன் ஒரு பக்கத்தில் ஏற்றப்படும் சில கிலோ எடையும் ஓட்டத்தின் தன்மையை மாற்றிவிடும். புரூஸ் பிரவுன் இயக்கி 1971இல் வெளிவந்த 'ஆன் எனி சண்டே' ஆவணப்படத்தின் சில பந்தயக் காட்சிகள் தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவால் எடுக்கப்பட்டவை. இன்றைய அளவுகோலில் அது பெரும் சுமை. இருப்பினும், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைத் தடத்தின் ஓரத்திலிருந்து மட்டுமே கண்டிருந்த பார்வையாளருக்கு ஓட்டுநரின் இருக்கையை அப்படம் அளித்தது. 1983இல் ஐல் ஆஃப் மேன் தீவின் பொதுச் சாலைகளால் அமைந்த, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் ஜோயி டன்லப் ஓட்டிய சுற்று, வண்டியிலேயே பொருத்திய கேமராவால் பதிவாகி 'வி ஃபோர் விக்டரி' என்ற படமாயிற்று. கற்சுவர்களும் வீட்டு வாசல்களும் கைக்கெட்டும் தொலைவில் பின்னோடும் அக்காட்சி, அத்தடத்தின் இடரை எந்த வருணனையைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தியது.

படச்சுருளின் இடத்தை வீடியோ பிடித்தபோது கருவி இரண்டாகப் பிரிந்தது. காட்சியை வாங்கும் சிறு கேமரா ஓரிடத்திலும், அதைப் பதியும் அல்லது ஒலிபரப்பும் கருவி வேறிடத்திலும் இருக்கலாம் என்றாயிற்று. 1986இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றின் மோட்டார் சைக்கிள் பந்தய ஒளிபரப்பில் ஓட்டுநரின் தலைக்கவசக் கேமரா பயன்படுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் மார்க் ஷூல்ஸ் மலைச் சைக்கிள் ஓட்டத்தைப் பதிவுசெய்ய மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் ஒன்றில் கேமராவைப் பொருத்தி, முதுகுப்பையில் வைத்திருந்த வி.எச்.எஸ். பதிவுக்கருவியுடன் கம்பியால் இணைத்தார். கண் தலையிலும் நினைவு முதுகிலுமாக அமைந்த ஏற்பாடு இது. தொழில்முறைக் குழுவின் துணையின்றி ஒருவர் தம் பயணத்தைத் தாமே பதிவுசெய்துகொள்ளும் சாத்தியம் இத்தகைய முயற்சிகளிலிருந்தே துளிர்த்தது.

வண்டியின் கண்ணும் ஓட்டுநரின் கண்ணும் ஒன்றல்ல என்பதை ஒரே ஒரு வளைவைக் கொண்டு விளக்கலாம். வண்டியின் உடலோடு இறுகப் பிணைத்த கேமரா வண்டியுடன் சேர்ந்து சாய்கிறது. அதனால் காட்சியில் வண்டி நேராக நிற்க, உலகமே சரிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற ஓட்டுநர் வளைவில் உடலைச் சாய்த்தாலும் கண்களைத் தொடுவானத்துக்கு இணையாக வைத்திருக்க முயல்வார். ஆகவே தலைக்கவசக் கேமராவில் உலகம் ஓரளவு நேராக நிற்க, வண்டி சாய்கிறது. மோட்டோ ஜி.பி. ஒளிபரப்புகளில் பின்னர் இடம்பெற்ற சுழல்நிலைக்காட்டிக் கேமரா மூன்றாவது வழியை வகுத்தது. அது வண்டியிலேயே இருந்தும் தொடுவானத்தை நேராக நிறுத்துவதால், 60 பாகையைத் தாண்டும் சாய்வு பார்வையாளருக்கு முழுமையாகப் புலப்படுகிறது. ஒரே வளைவு மூன்று இடங்களிலிருந்து மூன்று நிகழ்வுகளாகிறது. இவற்றுள் எது உண்மை என்பதைவிட, எது எதை மறைக்கிறது என்று கேட்பதே பயனுள்ளது.

2002இல் நிக் வுட்மன் தொடங்கிய கோப்ரோ நிறுவனத்தின் முதற்கருவி 2004இல் வெளியானது. அது வீடியோக் கருவியன்று. மணிக்கட்டில் பட்டையால் கட்டிக்கொள்ளும் 35 மில்லிமீட்டர் படச்சுருள் கேமரா. அலைச்சறுக்கு வீரர்கள் தம்மையும் நண்பர்களையும் படமெடுத்துக்கொள்வதே அதன் நோக்கம். 2006இல் வந்த எண்ணிமக் கருவி 10 வினாடிக் காட்சிகளை மட்டுமே பதிந்தது. 2009இல் வெளியான உயர் தெளிவுக் கருவியே 1080 வரிகள் கொண்ட காட்சியை உள்ளங்கைக்குள் அடக்கியது. அந்நிறுவனத்தின் வரலாற்றில் பட்டையும், ஒட்டுத்தகடும், திருகும் கேமராவுக்குச் சமமான இடத்தைப் பெறுகின்றன. பொருத்தும் கருவியே தனி விற்பனைப் பொருளானது, பொருத்துமிடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை பயனருக்குக் கைமாறியதன் அடையாளம்.

இந்தியாவில் இக்கருவி பரவிய சூழல் தனித்தன்மை வாய்ந்தது. இங்கு மோட்டார் சைக்கிள் முதன்மையாக விளையாட்டுக் கருவியன்று. அது குடும்ப வாகனம், தொழிற்கருவி, பலருக்குச் சொந்தமாகும் முதல் எஞ்சின். 1955 முதல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான புல்லட், படைத்துறையின் பணி வண்டியாகத் தொடங்கி, பின்னாளில் லடாக் பயணக் கனவின் சின்னமாயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை வந்தபின் இணையத் தரவின் விலை சரிந்தது. நீண்ட பயணக் காட்சிகளைப் பதிவேற்றுவதும் பார்ப்பதும் எளிதாகி, பேசிக்கொண்டே வண்டியோட்டும் 'மோட்டோவ்லாக்' என்னும் வடிவம் தமிழ், மலையாளம், இந்தி முதலிய மொழிகளில் வேரூன்றியது.

இவ்வடிவத்துக்குரிய கருவி அமைப்பு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. முழுமுகத் தலைக்கவசத்தின் முகவாய்ப் பகுதியில் கேமரா, அதன் உட்புறத்தில் காற்றொலி புகாத இடத்தில் சிறு ஒலிவாங்கி, இரண்டையும் இணைக்கும் மெல்லிய கம்பி என்பதே அது. உச்சியில் பொருத்தினால் காட்சி ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு மேலே எழுந்துவிடுகிறது. முகவாயில் பொருத்தினால் கைகளும் ஹேண்டில்பாரும் வேகமானியும் சட்டகத்தின் அடியில் வந்தமைகின்றன. ஆவிப் பயணத்தில் காணாமற்போன பயணி இங்கே கைகளாகவும் குரலாகவும் திரும்பி வருகிறார். பார்வையாளர் அந்த உடலுக்குள் குடியேறுகிறார்.

வேகமானி சட்டகத்துக்குள் வந்ததன் விளைவு சிறிதன்று. கண்ணுக்குத் தெரியாமலிருந்த வேகம் ஓர் எண்ணாகி, ஒப்பிடவும் போட்டியிடவும் தக்கதாயிற்று. அகன்ற கோண வில்லை இவ்வுணர்வை மிகுவிக்கிறது. 170 பாகை வரை விரியும் வில்லையில் சட்டகத்தின் ஓரத்திலுள்ள பொருள்கள் மிக விரைவாகப் பின்னோடுவதாகத் தோன்றும். நடுவிலுள்ள முன்வண்டியோ உள்ளதைவிடத் தொலைவில் இருப்பதாகத் தோன்றும். வேகம் மிகையாகவும் நெருக்கம் குறைவாகவும் தெரியும் இவ்விரட்டை மயக்கத்தைக் கண்டு பழகிய இளைஞர் ஒருவர் அதே இடைவெளியைச் சாலையில் பாதுகாப்பானதென்று கருத நேர்ந்தால், அதன் விலை உயிராக இருக்கலாம். 2023 மே மாதத்தில் யமுனா விரைவுச்சாலையில் அதிவேகப் பயணத்தின்போது காணொளிப் பதிவர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நிகழ்ந்த விபத்தையடுத்து மற்றொரு பதிவரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. இவற்றைத் தனிமனிதரின் பொறுப்பின்மை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. எதைச் சட்டகத்துக்குள் வைப்பது என்ற தெரிவு, எதை நிகழ்த்திக் காட்டுவது என்ற தூண்டுதலாகவும் மாறுகிறது.

தலைக்கவசத்தில் பொருத்துவதற்கு இன்னொரு விலையும் உண்டு. இன்றைய அதிரடிக் கேமராவின் எடை ஏறத்தாழ 150 கிராம். 7 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட முகப்பை, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஏறத்தாழ 200 கிராம் எடைக்கு நிகரான விசையால் பின்தள்ளும். ஒரு மணிநேரப் பயணத்துக்குப்பின் கழுத்து உணர்வது இதனையே. அதைவிட முக்கியமானது தலைக்கவசத்தின் பணி. மோதலின்போது வழவழப்பான கோள வடிவம் தரையில் வழுக்கிச் செல்வதால் தலையின் திடீர்ச் சுழற்சி குறைகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுதியான பொருள் எதுவும் இவ்வழுக்கலைத் தடுக்கக்கூடும். 2013 டிசம்பரில் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கு விபத்துக்குள்ளானபோது அவரது தலைக்கவசத்தில் கேமரா இருந்தது. காயத்தில் அதற்குப் பங்குண்டா என்பது பெரும் விவாதமாகி, முடிந்த முடிபு எட்டப்படாமலேயே நின்றது. அதே கேமராவில் பதிவான காட்சிதான் விபத்தின் போக்கை அறிய விசாரணையாளர்களுக்கு உதவியது. ஐயத்துக்குரிய பொருளே சாட்சியாகவும் நின்ற அரிய நிகழ்வு அது.

இந்தியச் சட்டம் இம்முரணை இன்னும் தீர்க்கவில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற தலைக்கவசத்தை உற்பத்தி செய்வதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவோருக்கு 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் வரை உரிம இடைநிறுத்தமும் விதிக்கப்படும் என்று அறிவித்தது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளால் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றோர் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. தலைக்கவசம் அணியாமையோடு தொடர்புபடுத்தப்பட்ட இறப்புகள் 50,029. இவ்வெண்களின் முன் தலைக்கவசத்தின் வடிவைக் குலைக்கும் எந்த ஏற்பாடும் ஐயத்தோடு அணுகத்தக்கதே.

தலையை விட்டு வண்டிக்குக் கேமராவை மாற்றினால் அதிர்வுச் சிக்கல் எழுகிறது. ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது வினாடிக்கு 50 முறை அதிர்கிறது. கேமராவின் உணரி காட்சியை ஒரே கணத்தில் வாங்காமல் வரிவரியாக வாங்குவதால், அவ்வதிர்வு படத்தில் கூழ்போன்ற நெளிவாகப் பதிகிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சினின் மிகுந்த அதிர்வு கைப்பேசிக் கேமராவின் உள்நிலைப்படுத்தல் பொறியைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. ஹேண்டில்பாரில் கைப்பேசியைப் பூட்டிப் பதிவுசெய்வது சிக்கனமான வழியாகத் தோன்றினாலும் உண்மையில் அவ்வாறன்று.

2018இல் வெளிவந்த கருவிகள் முதல் மின்னணு நிலைப்படுத்தல் பெரிதும் மேம்பட்டு, நெளிவும் குலுக்கமும் மறைந்தன. இதை வரலாற்று மாணவர் தயக்கத்துடனேயே வரவேற்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் எடுத்த காட்சி வழுவழுப்பான நெடுஞ்சாலைக் காட்சியாக மிதக்கிறது. இன்றைய இந்தியச் சாலைகளின் நிலையை 50 ஆண்டுகளுக்குப்பின் ஆராய்பவருக்கு இக்காணொளிகள் பெருங்களஞ்சியமாக அமையும். அக்களஞ்சியத்தில் பள்ளங்கள் மட்டும் கணக்கீட்டால் அழிக்கப்பட்டிருக்கும். நிலைப்படுத்தலை அணைத்தோ குறைத்தோ எடுத்த காட்சி கண்ணுக்கு இனிமை தராவிடினும் சாலையைப் பற்றி அதிகம் சொல்லும்.

காட்சி இன்பமும் சாட்சியமும் முரண்படும் இன்னோர் இடம் ஷட்டரின் வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும்போது திரைப்பட மரபையொட்டி ஷட்டரை வினாடியின் 60இல் ஒரு பங்கு திறந்து வைத்தால், அதற்குள் வண்டி ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் கடந்துவிடும். சாலையோரம் இதமாகக் கலங்கி, ஓட்டத்தின் உணர்வு மிகும். எதிர்வரும் வண்டியின் பதிவெண்ணும் அதே கலக்கத்தில் கரைந்துபோகும். 1,000இல் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 1.7 சென்டிமீட்டருக்குள் அடங்கி, எண் வாசிக்கத்தக்கதாகும். படம் வெட்டிவெட்டி ஓடுவதுபோல் தோன்றும். பகல் வெளிச்சத்தில் முதல் வகைக் காட்சியைப் பெறவே வில்லையின் முன் கருங்கண்ணாடி வடிகட்டி மாட்டப்படுகிறது. அழகா, அடையாளமா என்ற தெரிவு அந்தச் சிறு கண்ணாடித் துண்டில் அடங்கியிருக்கிறது.

சாட்சியம் என்ற சொல் இங்கே உருவகமன்று. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மின்னணுப் பதிவின் நகலை ஏற்க 65பி பிரிவின்கீழ்ச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிசெய்தது. மூலக் கருவியை அதன் உரிமையாளரே நீதிமன்றத்தில் முன்வைத்து மெய்ப்பித்தால் அச்சான்றிதழ் தேவையில்லை என்றும் விளக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, கோப்பின் எண்ணிமக் கைரேகை எனத்தக்க ஹேஷ் மதிப்பைச் சான்றிதழிலேயே குறிக்கச் சொல்கிறது. விபத்தில் சிக்கிய இருசக்கர ஓட்டுநருக்கு இதன் பொருள் எளியது. கேமராவின் நாளும் நேரமும் சரியாக இருத்தல் வேண்டும். மெமரி கார்டை அழிக்காமல், வெட்டியொட்டாமல் அப்படியே பாதுகாத்தல் வேண்டும். இசை சேர்த்து இணையத்தில் ஏற்றிய வடிவம் மூலமாகாது.

இவ்வரலாறு தெரிவுசெய்வோர்க்கு ஒரு வரிசைமுறையை அளிக்கிறது. முதலில் நோக்கம், அடுத்து இடம், இறுதியில்தான் கருவி. நாள்தோறும் அலுவலகம் செல்பவருக்கு வேண்டியது சாட்சி எனில், வண்டியின் உடலில் முன்னும் பின்னும் நிலையாகப் பொருத்தி, சாவியைத் திருப்பியதும் தானே இயங்கும் எளிய கேமராக்கள் போதும். அவற்றை நினைவில் வைத்து இயக்க வேண்டியதில்லை, தலைக்கவசத்தையும் அவை தீண்டுவதில்லை. ஓட்டும் முறையைக் கற்கவோ கற்பிக்கவோ விரும்புவோர்க்கு மார்புப் பட்டை ஏற்றது. கைகளின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டும் அவ்விடத்தை, முன்சாய்ந்து அமரும் வண்டிகளில் மட்டும் பெட்ரோல் டேங்க் மறைக்கும். பயணக் கதையைச் சொல்ல விழைவோர்க்கு முகவாய் அமைப்பு இன்றும் நெருக்கமான மொழி. அதைத் தெரிவுசெய்வோர் தம் மாநில விதியை அறிந்திருத்தலும், அழுத்தத்தில் எளிதில் கழன்றுவிடும் பொருத்தியைப் பயன்படுத்துதலும், தலைக்கவசத்தில் எவ்விதத் துளையும் இடாதிருத்தலும் இன்றியமையாதவை.

1897இல் எஞ்சினின் முகப்பில் நின்ற கேமராவுக்கு உடல் இல்லை. ஆகவே அதற்கு வலியும் இல்லை. முகவாயில் அமர்ந்திருக்கும் இன்றைய கேமராவின் பின்னே ஒரு கழுத்தும், ஒரு குரலும், மாலையில் வீடு திரும்பவேண்டிய ஒருவரும் இருக்கின்றனர். கருவி அமைப்பைத் தீர்மானிக்கையில் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது அவரையே.